கடிக்காத ஷூ ஒன்று வேண்டும்

நவம்பர் 3, திங்கள்

கண்டக்டர் பேச்சியம்மாள்.
கண்டக்டர் பேச்சியம்மாள்.
கண்டக்டர் பேச்சியம்மாள்.

மூன்று முறை எழுதியும் ஆசை தீரவில்லை. இதற்காகவே நகைக்கடையில் கொடுத்த டைரியை அலமாரிக்குப் பின்னாலிருந்து தேடி எடுத்தேன். ஜனவரியில் ஏதோ கோலம் வரைந்து வைத்திருக்கிறேன். மற்றதெல்லாம் வெள்ளைத் தாள்.

அப்பா சர்வீஸில் இருக்கும்போதே காலமானதால் வாரிசு அடிப்படையில் வந்த வேலை. அப்பாவும் கண்டக்டர்தான். சேரன்மகாதேவியிலிருந்து பேட்டை, டவுன், ஜங்ஷன் வழியாகப் புது பஸ் ஸ்டாண்டு வரை என் வண்டி. எங்கள் வீடு பேட்டையில். ஒரு நாளைக்குப் பல தடவை என் வீட்டுத் தெருமுனையை நானே விசில் ஊதித் தாண்டிப் போகிறேன். நினைத்தாலே சிரிப்பு வருகிறது. டிரைவர் சங்கரபாண்டி அண்ணாச்சி தங்கமான மனுஷர். "பயப்படாத தாயி, கூட்டம் ஒன்னயத் தின்னுறாது"ன்னார்.

கூட்டம் என்னைத் தின்னவில்லை. என் செருப்பைத்தான் தின்றது. காலையிலேயே மூன்று பேர் காலை மிதித்தார்கள். வாகையடி முக்கில் வார் அறுந்தது. அதற்குப் பிறகு வெறுங்காலோடு டிக்கெட் கொடுத்தேன். மழைக்காலம், பஸ்ஸுக்குள் சேறு. ஒரு ஆச்சி, "ஏம்மா, வேண்டுதலா?" என்று கேட்டது.

வீட்டுக்கு வந்து காலை நீட்டி உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டார்.

எழுதிவிடுகிறேன், எழுதினால் என்ன. திருப்பூரில் இவருடைய மச்சான் கம்பெனியில் இவருக்கு லோடு வண்டி ஓட்டுகிற வேலை இருக்கிறது. வீடும் தருவார்களாம். டிசம்பர் ஒன்றாம் தேதி சேர வேண்டும். "ரெண்டு பேரும் வாரோம்" என்று என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டார். இங்கே ஆர்டர் வந்தது, நான் அவரைக் கேட்காமலே கையெழுத்துப் போட்டேன். இரண்டும் சரிக்குச் சரி ஆகிவிட்டது என்று நான் நினைத்தேன். அவர் நினைக்கவில்லை. "ஒரு மாசம் நின்னுட்டு வா, அப்புறம் ஒங்கூட பேசுதேன். ஒங்காலு தாங்காது" என்றார். அத்தோடு வாயைப் பூட்டிக்கொண்டார்.

கால் தாங்கினால் பேட்டை. தாங்காவிட்டால் திருப்பூர். அவ்வளவுதான் விஷயம். நல்ல ஷூ ஒன்று கிடைத்தால் ஜெயித்துவிடுவேன்!

நவம்பர் 4, செவ்வாய்

கால் வீங்கியிருக்கிறது. வெந்நீரில் உப்புப் போட்டு முக்கினேன், அவர் குளிக்கப் போன நேரமாகப் பார்த்து.

நவம்பர் 6, வியாழன்

முதல் ஷூ வாங்கியாயிற்று. டவுன் ரதவீதிக் கடையில், கறுப்பு நிறம், முன்னால் சின்னதாக ஒரு ரிப்பன் முடிச்சு வைத்தது. போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றால் ஏர்ஹோஸ்டஸ். கடைக்காரப் பையன், "அக்கா, ஒங்களுக்குன்னே செஞ்சது"ன்னான். எல்லாருக்கும் அதைத்தான் சொல்வான். இருந்தாலும் கேட்க நன்றாக இருந்தது.

பேட்டை தாண்டுவதற்குள் வழுக்க ஆரம்பித்தது. அடியில் பிடிப்பே இல்லை. சங்கரபாண்டி அண்ணாச்சி பிரேக் போட்டபோது நான் டிரைவர் சீட் வரைக்கும் சறுக்கிக்கொண்டே போய் நின்றேன். "என்னம்மா, அவசரமா ஏதும் சொல்லணுமா?" என்றார். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய.

அதோடு இரண்டாம் விரல் பக்கம் கடிக்கிறது. புது ஷூ கடிக்கத்தான் செய்யும்.

ராத்திரி சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு, சுவரைப் பார்த்து, "பசிக்கிறவங்க சாப்பிடலாம்" என்றேன். அவர் ரேடியோவைப் பார்த்து, "ரசத்துல உப்பு கூடன்னு யாராவது சொன்னா கோவம் வரும்" என்றார். இப்படித்தான் ஓடுகிறது எங்கள் வீடு. சுவருக்கும் ரேடியோவுக்கும் வாய் இருந்தால் எங்களைத் துரத்தியிருக்கும்.

நவம்பர் 9, ஞாயிறு

இன்றைக்கு ஒரு பெரிய செய்தி!

டெப்போவில் என்னைத் தவிர இன்னொரு பெண் கண்டக்டர் இருக்கிறார். ரோஸ்லின் அக்கா. நாசரேத்துக்காரர், நாலு வருஷமாக இந்த வேலை. பெண்கள் ஓய்வறையில் இன்றுதான் நிதானமாகப் பேசக் கிடைத்தார். நான் காலைப் பிடித்து முனகிக்கொண்டிருக்கிறேன், அவர் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து பாட்டுப் பாடிக்கொண்டு புளியோதரை சாப்பிடுகிறார். காலைப் பார்த்தேன். கறுப்புத் தோல் ஷூ, கயிறு கட்டுகிறது, அடி கனமாக. ஆம்பளை ஷூ மாதிரி இருந்தது.

"எத்தன மாசம் ஆச்சுக்கா வாங்கி?"

"மாசமா? நா வேலைக்குச் சேந்த வருஷம் வாங்கினதுட்டி. ஒரு தடவ அடி மாத்தினேன். மத்தபடி கல்லு."

பாளையங்கோட்டையில், போலீஸ்காரர்களுக்கு பெல்ட், தொப்பி, ஷூ எல்லாம் விற்கிற கடையாம். பெண் போலீஸுக்கான அளவிலும் வைத்திருப்பார்களாம். "அழகு கெடையாது. ஆனா ஒன்னயக் கைவிடாது" என்றார்.

இந்த வாரம் எனக்கு நாளைக்கு லீவு. விடியட்டும்.

நவம்பர் 10, திங்கள்

வாங்கிவிட்டேன். வாங்கிவிட்டேன். வாங்கிவிட்டேன்.

கடை ரொம்பச் சின்னது. பெரியவர் ஒருவர் இருந்தார். காக்கி சாக்ஸ் ஒரு ஜோடி கொடுத்து, "போட்டுட்டுச் சொல்லும்மா" என்று எழுந்து போய் வாசலைப் பார்த்து நின்றுகொண்டார். பொம்பளை காலைத் தொடவும் மாட்டார், பார்க்கவும் மாட்டார். சாக்ஸை மாட்டி, ஷூவை மாட்டி, கயிற்றைக் கட்டியதும், "திரும்பலாம்" என்றேன்.

ரோஸ்லின் அக்கா போடுகிற அதே ஆறாம் நம்பர். கடைக்குள்ளேயே நாலு சுற்று நடந்தேன். பஸ்ஸில் நடப்பதுபோல காலை அகட்டி, ஒரு கையால் மேலே கம்பியைப் பிடித்ததாக வைத்துக்கொண்டு, "டிக்கெட், டிக்கெட்" என்று சொல்லிப் பார்த்தேன். பெரியவர் பதறிப்போய் சட்டைப் பையைத் தடவினார்!

இரண்டாம் விரல் பக்கம் லேசாகப் பிடித்தது. சொன்னேன். ஷூவை வாங்கி உள்ளே கையை விட்டு விரல் விரலாகத் தடவிப் பார்த்தார். "உள்ள ஒண்ணுமில்லயேம்மா. தோலு. பழகப் பழக விட்டுக் குடுக்கும்."

வீட்டில் வாசலில் வைத்தேன், அவர் செருப்புக்குப் பக்கத்தில். என் ஷூதான் பெரிதாகத் தெரிகிறது. அவர் வெளியே போகும்போது ஒரு கணம் நின்று பார்த்துவிட்டுப் போனார். பார்க்கட்டும், நன்றாகப் பார்க்கட்டும்.

நவம்பர் 11, செவ்வாய்

பஸ் எப்படி ஆடினாலும் நான் ஆடவில்லை. மிதிக்கிறவர்கள் மிதித்துக்கொள்ளட்டும், எனக்குத் தெரியக்கூட இல்லை. ஒருவர் மிதித்துவிட்டு அவரே "ஆ" என்றார்.

விரல் மட்டும். பழகும்.

நவம்பர் 13, வியாழன்

பழகவில்லை. இரண்டு காலிலும் அதே இடம். உள்ளங்கால் சுகமாக இருக்கிறது, குதிகால் சுகமாக இருக்கிறது, முழங்கால் வலி போயே போய்விட்டது. அந்த ஒரு விரல் மட்டும் என் உயிரை எடுக்கிறது. ஷூ செய்தவன் அந்த இடத்தில் மட்டும் எனக்கென்று ஏதோ வினை வைத்துத் தைத்திருக்கிறான். பஞ்சு வைத்துப் பார்த்தேன், இன்னும் இறுக்கிற்று. பிளாஸ்திரி ஒட்டினேன், மத்தியானத்துக்குள் சுருண்டுவிட்டது. சாக்ஸ் முரடாக இருக்குமோ என்று மெல்லிசு சாக்ஸ் வாங்கினேன். அதில் ஓட்டை விழுந்துவிட்டது, சரியாக அந்த விரல் இருக்கும் இடத்தில்.

வீட்டுக்கு வரும்போது தெருமுனை வரை நொண்டிவிட்டு, வாசல் வந்ததும் நேராக நடக்கிறேன். இதற்குத் தனிப் பயிற்சி தேவைப்படுகிறது.

நவம்பர் 15, சனி

பரணிலிருந்து பச்சைப் பையை இறக்கி வைத்திருக்கிறார். வெயிலில் காயப்போடவாக இருக்கும். பல நாளாகப் பூசணம் பிடித்துக் கிடந்தது.

இன்று வெயிலே அடிக்கவில்லை.

நவம்பர் 18, செவ்வாய்

ஏழாம் நம்பருக்கு மாற்றிக்கொண்டு வந்தேன். பெரியவர் முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுத்தார். "ஒங்க காலுக்கு ஆறுதான் சரி"ன்னு மட்டும் சொன்னார். விரலுக்கு இடம் கிடைத்தது, அந்தச் சந்தோஷத்தில் நான் எதையும் காதில் வாங்கவில்லை.

கார்த்திகை பிறந்துவிட்டது. வண்டி நிறைய மாலை போட்ட சாமிகள், எல்லாரும் வெறுங்கால். ஏழாம் நம்பர் என் காலுக்குக் கப்பல். உள்ளே என் கால் ஒரு பக்கம் போகிறது, ஷூ ஒரு பக்கம் போகிறது. சுத்தமல்லி விலக்கில் வண்டி திரும்பியபோது, ஒரு கன்னிச்சாமியின் பாதத்தின் மேல் முழு எடையோடு ஏறி நின்றுவிட்டேன்.

"சாமியே!" என்று அலறினார். பின்னால் இருந்தவர்கள் என்ன ஏது என்று தெரியாமல் "சரணம் ஐயப்பா!" என்று கோஷம் போட்டார்கள்.

நான் மன்னிப்புக் கேட்டுக் கும்பிட்டேன். அவர் வலியை விழுங்கிக்கொண்டு, "பரவால்ல மாளிகப்புறம்" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரிப்பா அழுகையா என்று இப்போதும் தெரியவில்லை.

ராத்திரி அவர் போனில் மச்சானோடு பேசிக்கொண்டிருந்தார். "ஆமா, இருவத்தொம்பது சாயங்காலம் வண்டி ஏறுதேன்" என்றார். ஏறுதேன் என்றார், ஏறுதோம் என்று சொல்லவில்லை. சிக்னல் சரியில்லாத இடத்தில் நின்று பேசுவார், பாதி வார்த்தை காதில் விழாது. எனக்கென்ன. ஷூவைத் திரும்பவும் ஆறாம் நம்பருக்கு மாற்ற வேண்டும், அதுதான் கவலை.

நவம்பர் 20, வியாழன்

என்னைப்போல் முட்டாள் திருநெல்வேலி ஜில்லாவிலேயே கிடையாது. இதை எழுத எனக்கு வெட்கமே இல்லை, அவ்வளவு சந்தோஷம்!

ஆறாம் நம்பரை மாற்றி வாங்கி வந்து, ஓய்வறையில் ரோஸ்லின் அக்காவிடம் ஒரே புலம்பல். கடைக்காரரைத் திட்டினேன், தோலைத் திட்டினேன், மழையைத் திட்டினேன். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, ஒரு நடைக்கு மாத்திப் போட்டுப் பாப்போம். எனக்கும் ஒனக்கும் ஒரே நம்பர்தான்" என்றார். அவருடைய நாலு வருஷத்து ஷூ எனக்கு, என் புது ஷூ அவருக்கு.

திரும்பி வந்தோம். அவர் சொன்னார், "மெத்த மாதிரி இருக்குட்டி ஒன் ஷூ." நான் சொன்னேன், "ஒங்க ஷூவும் கடிக்குதுக்கா, அதே எடத்துல."

அக்கா டிபன் டப்பா மூடியைத் திறந்தார், மூடினார்.

"ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கிட மாட்டியே?"

"சொல்லுங்கக்கா."

"ஒங்க ஆளுக விசயம். நா சொல்லி வேற மாதிரி ஆயிரக்கூடாதுன்னுதான் இத்தன நாளு வாயப் பொத்திக்கிட்டு இருந்தேன்."

"என்ன விசயம்?"

"மெட்டி."

குனிந்து பார்த்தேன். இரண்டு காலிலும், இரண்டாம் விரலில், முறுக்கு வைத்த வெள்ளி மெட்டி. கனமானது, மாமியார் வீட்டில் பார்த்துப் பார்த்து எடுத்தது. ரோஸ்லின் அக்கா விரலில் மெட்டி கிடையாது, அவர்கள் சபையில் போடுவதில்லை. சாக்ஸைத் தைத்தேன், பஞ்சு வைத்தேன், பிளாஸ்திரியை அதன் மேலேயே சுற்றி ஒட்டினேன். அப்போதுகூட அது அங்கே இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நமக்கு மூக்கு இருப்பது எப்போதாவது ஞாபகம் வருகிறதா?

இரண்டு பேரும் சுவரில் சாய்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம். அப்புறம் நான் சிரிப்பை நிறுத்திவிட்டேன்.

கழற்றக் கூடாது என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவையே வந்ததில்லை. கல்யாணமாகி நாலு வருஷம், ஒரு தடவைகூட கழற்றியதில்லை. கழற்றினால் என்ன அர்த்தம் என்று மட்டும் எல்லாரையும்போல எனக்கும் தெரியும்.

நவம்பர் 21, வெள்ளி

கழற்றிவிட்டேன். சேரன்மகாதேவி பஸ் ஸ்டாண்டில், குழாயடியில், தேங்காய் எண்ணெய் போட்டு. வெள்ளிக்கிழமையும் அதுவுமாக. சாமியிடம் கணக்கைத் தனியாகத் தீர்த்துக்கொள்கிறேன்.

டிக்கெட் பையின் உள் ஜிப்பில் பத்திரமாக வைத்துவிட்டு ஷூவை மாட்டினேன்.

அடேயப்பா.

வேறென்ன எழுத? ஷூ என்றால் இதுதானா! நான் நின்றேன், நடந்தேன், படியில் தொங்கியவர்களை உள்ளே இழுத்துப் போட்டேன், முன் வாசலுக்கும் பின் வாசலுக்கும் பறந்தேன். "தாயி, இன்னைக்கு என்ன, வண்டிக்கு முன்னாடி நீ போயிருவ போலிருக்கே" என்றார் அண்ணாச்சி. விசிலைக்கூட கொஞ்சம் ராகத்தோடு ஊதியிருப்பேன்.

வேலை முடிந்து பேட்டையில் இறங்குவதற்கு முன் மெட்டியை மாட்டிக்கொண்டேன்.

நவம்பர் 24, திங்கள்

நாள் முழுக்க மழை. உள்ளே ஒரு சொட்டு ஏறவில்லை. இந்த ஷூ என்னோடு ரிட்டயர் ஆகும்.

கடைசி நடையில் காலுக்குக் காற்றோட்டமாக இருக்கட்டும் என்று ஷூவையும் சாக்ஸையும் கழற்றி என் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். எதிர்வீட்டு செண்பகம் மதினி ஏறினாள். ஏறினவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள். "நல்லாருக்கியா பேச்சி?" என்றாள், ஆஸ்பத்திரியில் கேட்கிற குரலில்.

நவம்பர் 26, புதன்

மெட்டியைப் போட்டுக்கொள்ள மறந்துவிட்டேன். நேற்றும் மறந்துவிட்டேன். வேலைக் களைப்பு.

காலை அவருக்கு நேராக நீட்டி உட்கார்ந்துதான் கீரை ஆய்ந்தேன். அங்கேதான் வெளிச்சம் இருக்கிறது. அவர் என் விரலைப் பார்த்தார். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. வாயைத் திறந்தார். நான் கீரையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். மூடிக்கொண்டார். எழுந்து போய் ரேடியோவைத் திருகினார். ரேடியோவிடம்கூட ஒன்றும் சொல்லவில்லை.

கேட்டால் என்ன? கேட்டால் சொல்லிவிடுவேன். நானாகப் போய்ச் சொல்ல மாட்டேன். பேச மாட்டேன் என்றவர் அவர். நான் இல்லை.

நவம்பர் 28, வெள்ளி

பச்சைப் பை நிறைந்துவிட்டது. அவருடைய சட்டைகள் மட்டும்.

ஒரு மாசம் ஆகப்போகிறது. கால் தாங்கிவிட்டது. ஜெயித்துவிட்டேன் என்று இங்கே பெரிதாக எழுத வேண்டும் என்று இருந்தேன். எழுத வரவில்லை.

நவம்பர் 29, சனி

இன்றைக்கு எழுத முடியாது. நாளைக்கு.

நவம்பர் 30, ஞாயிறு

நேற்று மத்தியான நடை. சேரன்மகாதேவியிலிருந்து நல்ல கூட்டம். பேட்டையில் நிறுத்தினோம். ஏறுகிறவர்களைப் பார்த்து "உள்ள போங்க, உள்ள போங்க" என்று கத்திக்கொண்டிருந்தேன். கடைசியாக ஒரு பச்சைப் பை ஏறியது. பையோடு அவர்.

இஸ்திரி போட்ட சட்டை, வழித்து வாரிய தலை. என்னைத் தாண்டிப் போய்க் கடைசி சீட்டில் உட்கார்ந்தார். சாயங்காலம் என்றுதானே போனில் சொன்னார்? இத்தனை பஸ் இருக்க இந்த பஸ்ஸில்தான் ஏற வேண்டுமா? விசில் கொடுத்தேன், வேறு வழி?

முன்னாலிருந்து டிக்கெட் போட்டுக்கொண்டே போனேன். கடைசி சீட்டுக்கு வந்தேன். அவர் ஒரு நோட்டை நீட்டினார், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு.

"எங்க போணும்?"

நோட்டை இன்னும் கொஞ்சம் நீட்டினார்.

"ஊர் பேரச் சொன்னாத்தான் டிக்கெட்."

பக்கத்தில் முருங்கைக்காய்க் கட்டோடு உட்கார்ந்திருந்த அம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "ஏ ஐயா, வாயில கொழுக்கட்டையா வச்சிருக்கீரு? கண்டக்டரம்மா கேக்காள்லா? அந்தப் புள்ள எம்புட்டு நேரம் நிக்கும்?"

"புது பஸ் ஸ்டாண்டு" என்றார்.

கிட்டத்தட்ட ஒரு மாசத்தில் அவர் வாயிலிருந்து நேராக எனக்கு என்று வந்த முதல் பேச்சு அதுதான். திருப்பூர் பஸ் அங்கிருந்துதான் கிளம்பும். என் விரல் எந்தப் பட்டனை அழுத்தியதோ, மெஷினிலிருந்து மகளிர் இலவச டிக்கெட் வந்தது. முருங்கைக்காய் அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள். அதை என் பைக்குள் போட்டுக்கொண்டு சரியானதை அடித்துக் கொடுத்தேன். என் புருஷன் என்னை விட்டுப் போவதற்கு என் கையாலேயே டிக்கெட் கொடுத்தேன். ஆனாலும் நடந்தேன். டவுனில் இறக்கினேன், ஜங்ஷனில் ஏற்றினேன், ஒரு டிக்கெட்டையும் விடவில்லை. அவர் பார்த்துக்கொண்டே இருக்கிறார் என்று முதுகுக்குத் தெரிந்தது.

புது பஸ் ஸ்டாண்டில் எல்லாரும் இறங்கிவிட்டார்கள். அண்ணாச்சி டீ குடிக்கப் போய்விட்டார். அவர் மட்டும் எழுந்திருக்கவில்லை. நான் எதிர் சீட்டில் போய் உட்கார்ந்தேன்.

"சில பேரு மெட்டியக் கழட்டிட்டாகளாம். தெருவெல்லாம் அதே பேச்சு" என்றார், ஜன்னலிடம்.

"சில பேரு ஊர விட்டே போறாக. அத யாரும் பேசக் காணோம்" என்றேன், கம்பியிடம்.

அவர் திரும்பினார். என் முகத்தைப் பார்த்தே பேசினார்.

"ஒரு மாசம் நிக்கச் சொன்னேன். நின்னுட்ட. நாந்தான் தோத்துட்டேன், ஒத்துக்கிடுதேன். அதுக்காக என்னயத் தலமுழுகிருவியா பேச்சி? இன்னும் உசுரோடதான இருக்கேன்?"

எனக்கு விளங்கவே ஒரு நிமிஷம் ஆயிற்று.

"ஷூ கடிச்சுதுங்க!" என்று கத்தினேன்.

"என்னது?"

"ஷூ! மெட்டியோட போட்டா கடிக்கி. அதான் கழட்டுனேன். வேறென்ன?"

"ஷூவுக்கா?"

"ஷூவுக்குத்தான்."

வாயைப் பிளந்தபடி இருந்தார். "செண்பகம் வந்து, ஒன் பொண்டாட்டி முடிவோட இருக்கான்னா. நீயும் எம்முன்னாடி கால நீட்டி வச்சுக்கிட்டு இருந்த. நா நாலு நாளாத் தூங்கல, தெரியுமா?"

"கேட்டிருக்கலாம்லா?"

"எப்படிக் கேக்க? பேச மாட்டேன்னுல்லா சொல்லிட்டேன்."

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதேன். இத்தனை நாள் அழாமல் இருந்ததையெல்லாம் சேர்த்து அழுதேன். இவர் போய்விடுவாரோ என்று ஒவ்வொரு நாளும் பயந்துகொண்டுதான் இருந்தேன். இந்த டைரியில்தான் அதை எழுதவில்லை.

"காட்டு" என்றார்.

ஷூவையும் சாக்ஸையும் கழற்றிக் காட்டினேன். மெட்டி இருந்த இடம் புண்ணாகி, ஆறி, கறுத்துக் கிடந்தது. பக்கத்து விரலிலும் தழும்பு.

"இம்புட்டு ஆயிருக்கு. சொல்லல?"

"யார்ட்ட சொல்ல? செவுத்துட்டயா?"

அவர் தலை குனிந்தது. அதற்குள் அண்ணாச்சி டீயை முடித்துவிட்டு ஏறி ஹாரன் அடித்தார். "தாயி, டைமாச்சு!" ஜனங்கள் ஏற ஆரம்பித்தார்கள். நான் அவசரமாகச் சாக்ஸை மாட்டினேன். ஷூவைத் தேடினால் அது அவர் கையில் இருந்தது.

என் கால் பக்கம் குனிந்து அவர் உட்கார்ந்தது வாழ்க்கையில் ஒரு தடவைதான். கல்யாணத்தன்று, அம்மிமேல் என் காலை எடுத்து வைத்து மெட்டி போட்டபோது. நேற்று பஸ்ஸின் நடுவில், சேற்றில் ஒரு முழங்காலை ஊன்றி, அதே காலுக்கு ஷூ போட்டார். கயிற்றை இழுத்து, லோடு வண்டியில் மூட்டைக்குப் போடுகிற முடிச்சுப் போட்டார். நேற்று ராத்திரி அதை அவிழ்க்க முடியாமல் கத்தரிக்கோல் எடுக்க வேண்டியதாயிற்று. ஏறுகிறவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். யாரோ சீட்டி அடித்தார்கள். அடித்தால் அடிக்கட்டும்.

எழுந்து முன்வாசலுக்குப் போனேன். விசில் கொடுத்தேன். வண்டி நகர்ந்தது. திருப்பூர் பஸ் எங்களுக்கு அடுத்த வரிசையில்தான் நின்றுகொண்டிருந்தது, அதன் கண்டக்டர் "திருப்பூர், திருப்பூர்" என்று கூவிக்கொண்டிருந்தார். இவர் இறங்கினாரா இல்லையா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் டிக்கெட் போட்டிருக்க முடியாது. முன் சீட்டிலிருந்து ஆரம்பித்தேன். டவுன் இரண்டு. சுத்தமல்லி விலக்கு ஒன்று. மாலை போட்ட சாமிகள் ஐந்து பேர், அவர்கள் பாதங்களுக்கு நடுவில் பார்த்துப் பார்த்துக் காலை வைத்தேன். ஒவ்வொரு சீட்டாகப் பின்னால் போனேன்.

கடைசி சீட்டில், மடியில் பச்சைப் பையோடு, உட்கார்ந்திருந்தார்.

"எங்க போணும்?" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"நீ எங்க எறங்குவியோ, அங்க."

"நா எறங்க சாயங்காலம் ஆகும். இன்னும் நாலு நடை பாக்கி இருக்கு."

"இருக்கட்டும். எல்லாத்துக்கும் டிக்கெட் போடு."

போட்டேன்.